சோற்றுப் பார்சலும் அமெரிக்க அனுமதியும்

மகள் பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள் என்ற செய்தி வந்த மறுநாளே, என் மனைவி தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரண்டு மாத விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். மருமகனும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். அவனுடைய தாய் தகப்பன் கனடாவில். நாங்கள் டென்மார்க்கில், ஹேர்னிங்கில். மகள் பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். முதல் பிள்ளைப்பேற்றுக்குப் பெற்ற தாய் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது எங்கள் சனத்திடம் கேள்விக்கே இடமில்லாத விஷயம். போகாத தாயைப் பற்றிக் கதைப்பார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து கலியாணம் கட்டும்வரை கதைப்பார்கள்.

நான் மொழிபெயர்ப்பாளன். எழுதுவதல்ல, வாயால் சொல்வது. பொலிஸ், ஆஸ்பத்திரி, நீதிமன்றம், கொம்யூன் எனும் நகரசபை என்று எங்கெல்லாம் ஒரு தமிழரும் ஒரு டேனிஷ்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழித்துக்கொண்டு இருக்கிறார்களோ, அங்கெல்லாம் நடுவில் ஒரு கதிரை எனக்கு. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. சொன்னது முழுவதையும் சொல்ல வேண்டும், சொல்லாத எதையும் சேர்க்கக்கூடாது, கேட்டதை வெளியே போய்க் கதைக்கக்கூடாது. இவ்வளவுதான் வேலை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கேட்டால், எந்தக் கறிக்கு எண்டு திருப்பிக் கேக்கிற மனுசன்" என்று கலியாண வீடுகளில் மனைவி என்னைப் பற்றிச் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைப்பாள். பொய்யில்லை.

இந்த வேலையில் ஒன்று கவனித்திருக்கிறேன். கஷ்டமான கேள்வி வந்ததும் ஆட்கள் அதிகாரியைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்ப்பார்கள். ஓம் சொல்லுறதோ இல்லை சொல்லுறதோ என்று கண்ணால் கேட்பார்கள். நான் உடனே குனிந்து என் குறிப்புக் கொப்பியைப் பார்ப்பேன். தலை ஒரு பக்கம் அசைந்தாலும் நான் மொழிபெயர்ப்பாளன் இல்லை, அவரின் ஆள் ஆகிவிடுவேன். அப்படிக் குனிந்து குனிந்தே பல பேருடைய முகத்தை நான் முழுதாகப் பார்த்ததில்லை.

மனைவியை முதன்முதலில் கண்டதும் அப்படி ஒரு மேசையில்தான். அவள் அகதியாக வந்து சேர்ந்த புதிது. ஏன் திரும்பிப் போக முடியாது என்று டேனிஷ் பொலிஸ்காரர் கேட்டார். அவள் சொன்னாள்: எங்கள் ஊரில் ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கப் பொடியள் கூடை கொண்டு வருவார்கள், ஒவ்வொரு வீடும் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்க வேண்டும், எங்கள் வீட்டில் நான்தான் கட்டுவேன், கொடுத்த வீடுகளின் விபரம் ஆமிக்குத் தெரிந்துவிட்டது, என் ஒன்றுவிட்ட அண்ணனைக் கொண்டு போய்விட்டார்கள். நான் அதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் டேனிஷில் சொன்னேன். அவர் தட்டச்சு செய்து முடித்துவிட்டு அவளுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பார்சல்கள்தான் அவளை இந்த நாட்டில் இருக்க வைத்தன. ஒரு வருஷம் கழித்து டேனிஷ் படிக்கிற பள்ளிக்கூடத்து வாசலில் அவளை மறுபடி கண்டேன். கதை நீளத் தொடங்கியதும், இனி இவருடைய விஷயங்களுக்கு என்னைக் கூப்பிட வேண்டாம் என்று பொலிசுக்குக் கடிதம் எழுதினேன். காதலையும் கடிதம் எழுதி அறிவித்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

இனி அந்த அனுமதிப் படிவம். எங்களிடம் இருப்பது டேனிஷ் கடவுச்சீட்டு. அமெரிக்கா போக விசா தேவையில்லை, கணினியில் ஒரு படிவம் நிரப்பினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த மேசையிலேயே அதை நிரப்பினோம். என்னுடையதை முதலில் முடித்தேன். பத்து நிமிஷம் எடுத்தது. இல்லை, இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டே போனேன். பிறகு அவளுடையது. அவளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. அதனால் நான் வாசித்துத் தமிழில் சொன்னேன், அவள் பதில் சொன்னாள், நான் அழுத்தினேன்.

தொற்று நோய் உண்டா என்று கேட்டது. இல்லை. போதை மருந்து விற்றதுண்டா என்று கேட்டது. "நான் கொத்தமல்லி கூட வித்ததில்லை" என்றாள். அடுத்ததாகப் பயங்கரவாதச் செயல்களில் ஈடுபட்டதுண்டா என்ற கேள்வி. அவள் அதற்கும் சிரித்தாள். வேறு யாராவது என்றால் அந்தச் சிரிப்பை இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். நான் போகவில்லை. ஈடுபடுவது என்றால் என்ன என்று தெரியாமல் ஒரு கேள்வியை எப்படி மொழிபெயர்ப்பது? அந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தேடி வாசித்தேன். தங்க இடம் கொடுப்பது, வாகனம் கொடுப்பது, ஒரு சேவை செய்து கொடுப்பது எல்லாம் உதவி என்று இருந்தது. சாப்பாடு கொடுத்ததையும் அதில் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்களாம். உதவி செய்தாலும் ஈடுபட்ட கணக்குத்தானாம். இயக்கம் அந்த நாட்டின் பட்டியலில் வெகுகாலமாக இருக்கிறது. ஆகவே கேள்வியைச் சரியாகக் கேட்டேன்.

"அந்தப் பட்டியலிலை இருக்கிற ஆக்களுக்கு நீர் எப்பவாவது ஏதும் உதவி செய்தனீரோ? சாப்பாடும் சேத்தி."

"சாப்பாடு குடுத்தனாங்கள்தானே. ஆர் குடுக்கேல்லை?"

"ஊரைப் பற்றிக் கேக்கேல்லை. உம்மைப் பற்றிக் கேக்குது."

"ஓம். நான் குடுத்தனான்."

"விருப்பத்தோடையோ, பயத்திலையோ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பயத்திலையும் குடுத்தம். பாவத்திலையும் குடுத்தம். சின்னப் பொடியள், காஞ்சுபோய் வருவாங்கள். எது எவ்வளவு எண்டு நான் அண்டைக்கு அளந்து பாக்கேல்லை."

விருப்பமா பயமா என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. ஓம், இல்லை என்று இரண்டு கட்டம் மட்டும் இருந்தன. நான் ஓம் என்பதை அழுத்தினேன். என்ன அமத்தினீங்கள் என்று அவள் கேட்டாள். சொன்னேன். சரி என்று எழும்பிக் கோப்பை கழுவப் போனாள். அவளுக்கு அதில் ஒரு பயமும் இருக்கவில்லை. உண்மை சொன்னதற்கு டென்மார்க்கில் கோப்பி கிடைத்தது என்பது அவளுடைய அனுபவம். என்மீதும் ஒரு நம்பிக்கை.

இரண்டு நாளில் பதில் வந்தது. எனக்கு அனுமதி. அவளுக்கு இல்லை. வேண்டுமென்றால் கோப்பன்ஹேகனில் உள்ள தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி.

ஹேர்னிங்கில் நாங்கள் சாமான் வாங்குகிற தமிழ்க்கடைக்காரருக்கு அமெரிக்காவில் இரண்டு தம்பிமார். வருஷம் தவறாமல் போய் வருகிறவர். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், அவர் வீட்டிலும் கூடை வந்திருக்கும். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, நாங்கள் எல்லாரும் இல்லை எண்டுதானே அமத்தினது. இந்தக் கடைக்கு வாற நூறு பேரிலை நூறு பேரும் அப்பிடித்தான். நீங்கள் என்ன, கோயில்லை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணப் போனீங்களோ?"

"கேட்டது அப்பிடி."

"கேக்கிறவன் கேப்பான். அவனுக்கு வெடி வைக்கிறவன் வேணும். அக்கான்ரை புட்டுப் பார்சல் அவனுக்கு எதுக்கு?"

அது புட்டு இல்லை, சோறு என்று திருத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஊரோடு ஒத்தோடத் தெரியாதவன் என்று நினைத்திருப்பார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்றாலும் அந்த நாட்டைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்டின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். பயந்த வீடு கதவுக்கு இரண்டு பூட்டுப் போடும், யார் என்று கேட்டுத்தான் திறக்கும். அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அது போட்ட வலை கரைவலை. இழுத்தால் மீனும் வரும், சாதாளைப் பாசியும் வரும், தவறி இறங்கிக் குளித்தவனுடைய இடுப்புச் சாரமும் வரும். அந்த நாட்டிலேயே இதைப் பற்றி வழக்காடுகிறார்கள் என்று மகள் சொன்னாள். ஒரு தட்டுச் சோறு ஒரு போராளியை இன்னும் ஒரு நாள் நடக்க வைக்கும் என்று ஒரு பக்கம். துவக்கோடு வந்தவனுக்கு முன்னால் சோறு போட்டவளைக் குற்றவாளி ஆக்குவதா என்று மறுபக்கம். இரண்டும் உண்மை. மனைவி வீட்டுப் பார்சலைத் தின்றவன் மறுநாள் துவக்குத் தூக்கியிருப்பான். அதைக் கட்டியவளுக்கு அப்போது பதினைந்து வயது. படிவத்தில் முதலாவது உண்மைக்கு மட்டும் கட்டம் போட்டிருந்தார்கள்.

தூதரகத்துக்கு ரயிலில் போனோம். மனைவி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, விடுமுறைக் கடிதம், மகளின் மருத்துவக் கடிதம், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி மடியில் வைத்திருந்தாள். கணவன் மொழிபெயர்க்கக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். சரியான விதிதான், நானும் அதையே சொல்லியிருப்பேன். அவள் டேனிஷில் பேசலாம் என்றார்கள். முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து வருஷமாகக் கதைத்த டேனிஷ், அது போதும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள். நான் பின்னால் ஒரு கதிரையில், எல்லாம் கேட்கிற தூரத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் இருந்தவள் இளம் அதிகாரி, எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். மரியாதையான பிள்ளை. காகிதங்களைப் பார்த்து, பேரப்பிள்ளைக்கு வாழ்த்துகூடச் சொன்னாள்.

பிறகு கேட்டாள். இந்தக் கேள்விக்கு நீங்கள் ஓம் என்று அழுத்தியிருக்கிறீர்கள். படிவத்தில் சில பேர் தவறுதலாக அழுத்திவிடுவதுண்டு. இதுவும் அப்படித் தவறுதலா?

அவள் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது எனக்கு உடனே விளங்கியது. இப்படிக் கேட்கும் அதிகாரிகளை முப்பது வருஷத்தில் நாலைந்து பேரைத்தான் கண்டிருப்பேன். ஒரு சொல் போதும். தவறுதல் என்று சொன்னால் காரியம் முடிந்துவிடும்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்துகொண்டேன். கையில் கொப்பி இல்லை, ஆகவே என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"தவறு இல்லை," என்று அவள் டேனிஷில் சொல்வது கேட்டது. "சாப்பாடு கொடுத்தேன். பசியோடு வந்தார்கள். அவர்கள் கையில் துவக்கு இருந்தது. நான் சோறு கொடுத்தேன்."

அதிகாரி சிறிது நேரம் தட்டச்சு செய்தாள். இது தன்னால் முடிவு செய்யக்கூடியதல்ல என்றாள். சிறப்பு அனுமதி என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மேலிடத்துக்கு அனுப்புவோம், எவ்வளவு காலம் எடுக்கும் என்று சொல்ல இயலாது என்றாள். பிள்ளை பிறக்கும் திகதி அந்தக் காகிதத்திலேயே இருந்தது. அதை அவள் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும் என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதுகிற இன்றுவரை அந்த மேலிடத்திலிருந்து பதில் இல்லை.

திரும்பும் ரயில் கடலைத் தாண்டி ஒடென்ஸ் நகரையும் கழிந்தது. மனைவி மடியில் இருந்த கோப்பைப் பைக்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கட பேப்பரிலை அந்தக் கேள்விக்கு என்ன அமத்தினீங்கள்?"

"இல்லை எண்டு."

"நீங்கள் பார்சல் குடுக்கேல்லைத்தான்."

"ஓம். நான் அந்தக் கூடை வரமுன்னமே வெளிக்கிட்டிட்டன்."

"அப்ப அந்தத் துண்டுகள்?"

அப்போதுதான் எனக்கு அந்தத் துண்டுப்பிரசுரங்கள் நினைவுக்கு வந்தன. நான் நடிக்கவில்லை, அப்போதுதான் வந்தன. டென்மார்க்குக்கு வந்த முதல் வருஷங்களில் இயக்கத்து ஆட்கள் தமிழில் எழுதிக் கொண்டுவந்து தருவார்கள். நான் டேனிஷில் ஆக்கிக் கொடுப்பேன். சனிக்கிழமைகளில் ஹேர்னிங் கடைத்தெருவில் நின்று நாங்களே விநியோகித்தோம். அப்போது எந்தத் தடையும் இல்லை. அந்த டேனிஷில் ஒரு பிழை பிடிக்க முடியாது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஓர் உதவியாக நான் நினைத்ததேயில்லை, மொழி வேலை என்றுதான் நினைத்தேன். சேவை செய்து கொடுப்பதும் உதவிதான் என்று அந்தச் சட்டத்தில் வாசித்ததும் இதே நான்தான். ஒரு நேரச் சோற்றைவிட அது எவ்வளவோ பெரிய உதவி. மனைவியிடம் கேள்வியைப் பிரித்துப் பிரித்துக் கேட்ட நான், என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.

"ஊருக்குத்தானே உங்கட உபதேசம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் படிவத்தையும் திருத்தி எழுதிவிடுகிறேன் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அப்படிச் சொல்வது எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று பின்னேரம் மகளோடு தொலைபேசியில் கதைக்கும்போது அதைத் தொடங்கினேன். மகள் சின்ன வயதிலிருந்தே நாங்கள் தமிழில் கேட்க டேனிஷில் பதில் சொல்லுகிறவள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியரோடும், வேலைத்தலத்தில் முதலாளியோடும் நேருக்கு நேர் நின்று கதைத்து வளர்ந்த பிள்ளை. அவள் என்னை முடிக்க விடவில்லை.

"அப்பா, இதைப் போனிலை கதைக்காதேங்கோ," என்று தமிழில் சொன்னாள். குரல் தணிந்திருந்தது.

அவளுடைய வேலை விசா புதுப்பிக்கிற நேரம். கூட வேலை செய்யும் ஒருத்தியின் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லைக் காவலில் கேட்டார்களாம். மகள் தன்னுடையதில் பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டாள். நானும் என்னுடையதைத் துப்புரவாக்க வேண்டுமாம். என்னுடையதில் இருப்பதெல்லாம் மரண அறிவித்தலும் பிறந்தநாள் கேக்கும்தான். கார்த்திகை மாதத்தில் செத்துப்போன இயக்கப் பொடியளுக்கு யாரோ விளக்கு ஏற்றிய படத்துக்கு ஒரு கும்பிடு போட்டிருந்தேன். அதை அழித்தேன். ஹேர்னிங்கில் என் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் பார்ப்பான் என்று என் கும்பிட்டை நானே அழித்தேன். எனக்கு அதில் வெட்கமாக இருந்தது.

"ஒராளாவது போகவேணும்," என்று மனைவி முடிவு சொன்னாள். "ஒண்டையும் திருத்தாதேங்கோ. நீங்கள் போங்கோ."

மறுநாள் முதியோர் இல்லத்தில் எழுதிக் கொடுத்த விடுமுறையையும் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு மூன்று கிழமை எங்கள் குசினியில் எனக்குப் பாடம் நடந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குக் கறி, மல்லி மிளகு மஞ்சள் எல்லாம் வறுத்து அரைத்து, உள்ளி அள்ளிப் போட்டு வைப்பது. நான் எத்தனை கிராம் என்று கேட்டேன். கண்ணளவு என்றாள். எத்தனை நிமிஷம் என்றேன். வாசம் வாற அளவு என்றாள். இதை எப்படி எழுதுவது என்று நான் தலையைச் சொறிந்தேன். கடைசியில் அவளே வறுத்து அரைத்து, பொதியாகக் கட்டித் தந்தாள். வெந்நீர் வார்க்கிற விதம், பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுகிற விதம் எல்லாம் ஒரு தலையணையை வைத்துக் காட்டினாள். ஒரு நாள் தலையணையை என்னிடம் தந்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அழுதாள் என்று தெரியும். நான் போய்ப் பார்க்கவில்லை.

அமெரிக்க விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைய, என் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். முப்பது வருஷத்துக்கு முன் எழுதிய அந்த டேனிஷ் துண்டுகளில் ஒன்று எங்கோ ஒரு கோப்பில் கிடந்து, இப்போது அந்தத் திரையில் வந்து நிற்கும் என்று தோன்றியது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. இதே வியர்வை கோப்பன்ஹேகனில் அந்தக் கதிரையில் இருந்தபோதும் வந்தது. மனைவி திரும்பிப் பார்த்தபோது நான் பழக்கத்தில் குனிந்தேன் என்றுதான் அதுவரை எனக்கே சொல்லி வைத்திருந்தேன். பழக்கமும் இல்லை, தொழில் தர்மமும் இல்லை. நான் தலையை ஆட்டினால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் என்னைப் பார்ப்பாள், என் பெயரையும் தட்டிப் பார்ப்பாள் என்று பயந்தேன். என் அனுமதியைக் காப்பாற்றத்தான் குனிந்தேன்.

அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்தான். எதற்கு வந்தாய் என்றான். பேரப்பிள்ளை என்றேன். மனைவி வரவில்லையா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"அவளுக்கு வேலை," என்றேன்.

முத்திரை குத்திக் கொடுத்தான். வேறொன்றும் கேட்கவில்லை. சொல்லாத எதையும் சேர்க்கக்கூடாது என்ற ஆள், கேட்டதற்கே இல்லாததைச் சொல்லிவிட்டு நடந்து போனேன்.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். மகள் நோவில் அம்மா அம்மா என்றுதான் கத்தினாள், டேனிஷ் ஒரு சொல்லும் வரவில்லை. நான் வைத்த கறி முதல் நாள் தீய்ந்தது, மூன்றாம் நாள் பரவாயில்லை. மனைவி தினமும் தொலைபேசித் திரையில் வந்து, பிள்ளையின் தலையைப் பிடிக்கிற விதம் பிழை என்று சொல்லுவாள். திரையை மகள் பக்கம் திருப்பினால், சாப்பிட்டியோ பிள்ளை என்று கேட்பாள். பிறகு மனைவி, சரி வைக்கிறன், வேலைக்கு நேரமாச்சு என்பாள்.

இரண்டாவது கிழமை சம்பந்தி அம்மா கனடாவிலிருந்து வந்தா. தாய் வராமல் தகப்பன் வந்து குசினியில் நிற்பதை அவ மேலும் கீழும் பார்த்தா. உண்மையைச் சொல்ல வழியில்லை. ஒரு வாயில் போட்டால் அது கனடா முழுக்கப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும். என்ரை வேலை விசா வரும்வரைக்கும் ஆருக்கும் மூச்சு விடாதேங்கோ என்று மகள் கெஞ்சியிருந்தாள். ஆகவே எல்லையில் சொன்னதையே சம்பந்தி அம்மாவுக்கும் சொன்னேன். அவவுக்கு வேலை, லீவு குடுக்கேல்லை. இரண்டாம் தடவை அது இன்னும் சுகமாக வந்தது.

ஆறு கிழமையில் திரும்பினேன். பில்லுண்ட் விமான நிலையத்துக்கு மனைவி கார் கொண்டு வந்திருந்தாள். பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தாள். சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள். பேத்தியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. அந்தக் கதிரையில் நான் குனிந்ததன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று விமானத்தில் வரும்போதே எண்ணியிருந்தேன். கார் பெருந்தெருவுக்கு ஏறியதும் சொன்னேன். பயந்திட்டன், என்ரை பேரையும் பாப்பாளவை எண்டு பயந்திட்டன் என்றேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள். கண்ணை வீதியிலிருந்து எடுக்கவில்லை.

கொஞ்சத் தூரம் போன பிறகு சொன்னாள்.

"சம்பந்தி அம்மா போன வெள்ளிக்கிழமை போன் எடுத்தவ."

"என்னவாம்?"

"முதல் பேரப்பிள்ளை பிறக்கேக்கை விட்டிட்டு வரேலாத அப்பிடி என்ன வேலையாம் எண்டு கேட்டவ. பெத்த பிள்ளையை விட வேலை பெரிசாப் போச்சோ எண்டு கேட்டவ."

நான் அவளைப் பார்த்தேன். இந்த முறை குனியவில்லை.

"நீர் என்ன சொன்னீர்?"

"ஓம் எண்டு சொன்னன். எனக்கு வேலைதான் பெரிசாப் போச்சு எண்டு சொன்னன்."

காரை முன்னால் போன லொறிக்குப் பின்னால் மெதுவாக்கினாள்.

"அவ உடனை நம்பீட்டா."